ஐந்தாம் இலக்கப் பள்ளி

லூயிஷாம்
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள தங்கை ரஜனிக்கு,

வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இங்கு சுகம். உனக்கும் ஞானேஸ்வரனுக்கும் இரத்த அழுத்தம் எப்படி என்று எழுது. இருவருடையதையும் ஒரே வரியில் எழுதாதே; போன முறை எது யாருடையது என்று விளங்கவில்லை.

உன் மகன் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தான். இரண்டு பெட்டி, ஒரு மிருதங்கம், ஆறு சோடிச் சப்பாத்து. "ஒரு மனிசனுக்கு எத்தினை கால்?" என்று கேட்டேன். "ரெண்டுதான் பெரியம்மா. ஆனா ஒவ்வொரு டான்சுக்கும் வேறை வேறை கால்" என்றான். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை. சின்ன அறையைக் கொடுத்திருக்கிறேன். அங்கிருந்த என் தாவரவியல் புத்தகங்கள் இப்போது கூடத்தில் கதிரைகளின்மேல் இருக்கின்றன. வருகிறவர்கள் நின்றுகொண்டு பேசிவிட்டுச் சீக்கிரம் போய்விடுகிறார்கள். நன்மைதான்.

மாலையில் ஒரு நாடக அரங்கில் ஆட்களை இருக்கைக்குக் கொண்டுபோய் விடும் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை பாட்டுப் பயிற்சி. கீழ்வீட்டு றெஜினோல்ட் மேலே வந்து, "ரீச்சர், பெடியன் பாடட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசைக்குப் போற ஆக்களை எட்டு மணி மட்டும் நித்திரை கொள்ள விடச் சொல்லுங்கோ" என்றார். நியாயமான கோரிக்கை. நிறைவேற்றிவிட்டேன்.

தொலைபேசியில் என்னைக் கூப்பிடாதே. அதில் எனக்கு ஒரு தேனீக்கூடு மட்டுமே கேட்கிறது. கேட்க வேண்டியதை எழுதிக் கேள்.

அக்கா
நகுலேஸ்வரி

---

நியூகாசில்
19 ஒக்டோபர் 2024

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்புகிறேன், பூசுங்கள். எனக்கு நூற்றைம்பது. அவருக்கு நூற்றிருபது. (இரண்டு வரியில் எழுதியிருக்கிறேன்.) கடை அவருக்கு, கவலை எனக்கு என்று பிரித்துக்கொண்டதால் வந்த வித்தியாசம்.

தர்சிகனை உங்களிடம் விட்டது எனக்குப் பெரிய ஆறுதல். இசைநாடகப் பள்ளிகள் வைக்கும் ஒடிசன், அந்தத் தெரிவுத் தேர்வு எல்லாம் லண்டனில்தானே. போன வருடம் ஏழு பள்ளியும் மறுத்ததற்குக் காரணம் நாங்கள் முறையாகத் தயார் செய்யாதது. இந்த முறை விடமாட்டேன். மூத்தவளுக்குப் பல்வைத்தியம் எடுக்க என்ன செய்தேனோ அதையே செய்கிறேன். பள்ளிகளைத் தரப்படி ஒன்றிலிருந்து ஏழுவரை இலக்கமிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எந்தப் பள்ளி எந்த மாதிரிப் பாட்டை விரும்புகிறது, யார் நடுவர், எத்தனை பேருக்கு எத்தனை இடம், எல்லாம் அதில் இருக்கிறது. ஆண்பிள்ளைகள் குறைவாகத்தான் விண்ணப்பிக்கிறார்கள், அது எங்களுக்குச் சாதகம்.

எல்லாப் பள்ளிக்கும் என் ஈமெயிலைத்தான் கொடுத்திருக்கிறேன். அவன் பாட்டைப் பார்க்கட்டும், கடிதங்களை நான் பார்க்கிறேன். போன வருடமும் ஏழு மறுப்பையும் நான்தான் முதலில் வாசித்து, அவன் சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

கோயிலில் யாரும் விசாரித்தால் பொருளியல் படிக்கிறான் என்று சொல்லுங்கள் அக்கா. கண்ணூறு பொல்லாதது. இடம் கிடைத்த பிறகு உண்மையைச் சொல்லலாம்.

அவனுடைய குரல் இப்போது எப்படி இருக்கிறது? மேல் சுரத்துக்குப் போகும்போது இறுகுகிறதா? அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
ரஜனி

---

லூயிஷாம்
24 நவம்பர் 2024

அன்புள்ள ரஜனி,

களிம்பு வந்தது. மணம் நன்றாக இருக்கிறது. முழங்கால் முன்போலவே இருக்கிறது. நீங்கள் இருவரும் குளிருக்குள் கவனமாக இருங்கள்.

கோயிலில் சபாரத்தினம் விசாரித்தார். நீ சொன்னபடி பொருளியல் என்றேன். "எந்த யூனிவர்சிற்றி?" "அது இன்னும் முடிவாகேல்லை." இரண்டாவது பதிலாவது உண்மையாக அமைந்ததில் திருப்தி.

நேற்று உன் மூன்றாம் இலக்கப் பள்ளிக்கு அவனுடன் போனேன். அறுபது பிள்ளைகள், நெஞ்சில் இலக்கம் குத்திய அறுபது பிள்ளைகள். இவன் நாற்பத்தொன்று. முதலில் எல்லோரையும் ஒன்றாக ஆடவைத்தார்கள். பிறகு ஓர் ஆள் வந்து ஒரு தாளைக் கதவில் ஒட்டிவிட்டு, யாரையும் நிமிர்ந்து பாராமல் உள்ளே போனார். அதில் இலக்கம் இருப்பவர்கள் பாடலாம். இல்லாதவர்கள் தங்கள் குளிர்க் கோட்டை எடுத்துக்கொண்டு போகலாம். இருபத்திரண்டு பேர் மிஞ்சினார்கள். இவன் இருந்தான். ஒன்றரை நிமிடத்துக்கு வெட்டிய இரண்டு பாட்டு, ஒரு தனிப்பேச்சு. அவ்வளவுதான். நாங்கள் ஒரு மாணவனைப் பரீட்சையில் சித்தியில்லை என்று சொல்ல மூன்று மணித்தியாலம் எழுதவிடுவோம்.

வெளியே பெற்றோர் நிற்கும் நடைபாதையைப் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒருவரோடொருவர் சிரிக்கிறார்கள். ஒருவரும் மற்றவர் பிள்ளையின் பெயரைக் கேட்பதில்லை. டூட்டிங்கிலிருந்து வந்த ஒரு தகப்பன் மட்டும் எனக்கு மீன் அடைத்த ஒரு மாலுபாண் தந்தார். "அன்ரி, இது எங்களுக்கு மூண்டாம் வருசம். இப்ப கார் தானா ஓடி வருது" என்றார். அவருடைய மகள் ஜெஸ்ரினும் தர்சிகனும் இப்போது நண்பர்கள்.

குரலைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலையில் இவன் தொடங்கியதும் தன் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவதாக றெஜினோல்ட் சொல்கிறார்.

நகுலேஸ்வரி

---

நியூகாசில்
15 பெப்ரவரி 2025

அன்பின் அக்கா,

இங்கே பனி. கடை வாசலில் அவர் உப்புத் தூவிக்கொண்டிருக்கிறார், நான் உள்ளிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு வீட்டில் சூடு போதுமா?

ஒன்று, இரண்டு, நான்கு மறுத்துவிட்டன. அவனுக்குச் சொல்லியாயிற்று. மூன்றும் ஆறும் ஏழும் இன்னும் பதில் தரவில்லை. ஐந்தாம் இலக்கத்தில் ஜனவரியில் இரண்டாம் சுற்றுக்கு ஒரு முழு நாள் வைத்திருந்தார்களே, அது நன்றாகப் போனதாக அவன் சொன்னான். உங்களுக்கு என்ன சொன்னான்?

ஒரு கதைக்குக் கேட்கிறேன் அக்கா. ஒரு பள்ளி, பட்டப்படிப்புக்கு இப்போது இடமில்லை, அதற்கு முந்திய ஒரு வருடப் பவுண்டேசன் வகுப்புக்கு வா என்று எழுதினால், அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்? இங்கே ஒரு சிநேகிதியின் பிள்ளைக்கு அப்படி வந்திருக்கிறது. அவ என்னிடம் கேட்டா. நீங்கள் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைத் தெரிவு செய்தவர், உங்களுக்கு உட்பக்கம் தெரியும். கொஞ்சம் கெதியாக எழுதினால் நல்லது, அவவுக்கு மாத முடிவுக்குள் பதில் கொடுக்க வேண்டுமாம்.

குரல் எப்படி என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை.

ரஜனி

---

லூயிஷாம்
21 பெப்ரவரி 2025

அன்புள்ள ரஜனி,

சூடு போதும். சூட்டுக்கு வரும் பில்லைத் திறந்து பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் சூடாகிறது.

உன் சிநேகிதியின் கேள்விக்கு வருகிறேன். தெரிவுச் சபையில் பதினொரு வருடம் இருந்திருக்கிறேன். நேரே வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருந்த பிள்ளைகளுக்கு நாங்களும் ஒரு வருடத்தைக் கையில் கொடுத்து அனுப்பியதுண்டு. அவர்களும் நன்றி சொல்லிக்கொண்டு போவார்கள். அது கதவு அல்ல, கதவின் படம். அந்தப் பிள்ளையிடம் உண்மையில் ஏதாவது இருந்தால் பள்ளி பட்டப்படிப்புக்கே எடுத்திருக்கும். இல்லையென்றால் ஒரு வருடம் கழித்தும் இருக்கப்போவதில்லை. உன் சிநேகிதிக்கு முதுகெலும்பு இருந்தால் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பட்டும்.

தர்சிகன் ஐந்தாம் இலக்கத்தைப் பற்றி என்னிடம் அதிகம் சொல்லவில்லை. அன்று திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் மூன்று கோப்பை சோறு சாப்பிட்டான். வாடகைக்குக்கூடப் பிள்ளை வளர்க்காத எனக்கே அதன் பொருள் விளங்கியது. உன்னுடன் தினமும் பேசினாலும், உன் கடிதம் வந்தால் உறையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறான். "அம்மா ஏதும் எழுதினவவோ?" என்று கேட்கிறான். சிநேகிதியின் பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறா என்றேன். "பாவம் அது ஆரோ" என்றான்.

ஞானேஸ்வரனை உப்போடு கொஞ்சம் மண்ணும் கலந்து தூவச் சொல். வழுக்காது.

நகுலேஸ்வரி

---

நியூகாசில்
12 ஏப்ரல் 2025

அன்பின் அக்காவுக்கு,

எழுதப் பிந்திவிட்டது, மன்னியுங்கள். எனக்கு வேலையில் ஷிப்ட் மாறிவிட்டது. நாங்கள் சுகம்.

இதனுடன் மிளகாய்த்தூள் ஒரு கிலோ அனுப்பியிருக்கிறேன். இந்த முறை கொத்தமல்லியைக் கொஞ்சம் கூட வறுத்தேன், அதனால் நிறம் கறுப்பாக இருக்கும், பழுதில்லை. கறிக்கு ஒரு கரண்டி போதும். மீனுக்கு ஒன்றரை. காற்றுப் போகாத போத்தலில் போட்டு வையுங்கள். அவனுக்கு உறைப்புக் கூடாது, தொண்டைக்கு. அவனுக்குத் தனியாகக் குறைத்துப் போடுங்கள். நித்திரை கொள்கிறானா? சாப்பிடுகிறானா?

புதுவருட வாழ்த்துகள்.

ரஜனி

---

லூயிஷாம்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள ரஜனி,

மிளகாய்த்தூள் கிடைத்தது. நீ அதைப் பற்றி எழுதிய அளவுக்கு அது தகுதியானதுதான்.

நேற்று ஜெஸ்ரின் இங்கு வந்திருந்தாள். நான் கதிரையிலிருந்து புத்தகங்களை இறக்கி வைத்தேன்; எல்லோருக்கும் அப்படிச் செய்வதில்லை. எதிரில் இருந்து பேசுகிறவர்களின் வாயைப் பார்த்து நான் பேச்சைப் பிடித்துக்கொள்வேன். அவளும் தர்சிகனும் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு அஞ்சாம்... சொறி, உங்கட அம்மான்ரை நம்பர் எனக்கும் பழகிட்டுது. அங்கை பவுண்டேசன் தந்திருக்கினம். செப்டெம்பர்லை போறன். உனக்கு?"

"இன்னும் வரேல்லை."

"இன்னுமோ? எல்லாருக்கும் பெப்ரவரியிலையே வந்திட்டுதே. ஓமோ இல்லையோ, ஏதோ ஒண்டு."

"அம்மாட்டைத்தான் வரும். வந்தாச் சொல்லுவா."

அந்தப் பெண் பிறகு தேநீரைக் குடித்து முடிக்காமலே எழுந்தாள். போகும்போது படியில் வைத்து என்னிடம், "அன்ரி, செக்கண்ட் ரவுண்டிலை அவன் பாடி முடிய பியானோ வாசிச்சவரே கை தட்டினவர். அந்தப் பள்ளிக்கூடம் அவனுக்கு ஒண்டும் எழுதாமல் இருக்காது" என்றாள்.

ரஜனி, உன் சிநேகிதியின் பெயர் என்ன?

நகுலேஸ்வரி

---

நியூகாசில்
3 மே 2025

அக்கா,

சிநேகிதி இல்லை.

பெப்ரவரி பதினோராம் திகதி வந்தது. பவுண்டேசனுக்கு இடம் தருகிறோம், இருபத்தெட்டாம் திகதிக்குள் பதில் தரவும் என்று. அவனுக்குச் சொன்னால் உடனே ஓம் என்று சொல்லிவிடுவான், அவன் அப்படித்தான். கொஞ்சம் பொறுப்போம் என்று நினைத்தேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. இருபத்தைந்தாம் திகதி. வாசித்துவிட்டு அன்று பின்னேரமே பள்ளிக்கு எழுதினேன். திருப்பி அனுப்பவில்லை அக்கா. பட்டப்படிப்புக்கு எடுக்கும்படி மறுபரிசீலனை செய்யக் கேட்டேன். மூத்தவளுக்கு ஒரு பல்கலைக்கழகம் மறுத்தபோது இப்படித்தான் ஒரு கடிதம் எழுதினேன், திரும்ப எடுத்தார்கள். இவனுக்கு ஆதாரம் வேண்டுமே என்று, இவனுடைய மிருதங்க அரங்கேற்றத்துக்கு அச்சடித்த மலரை இணைத்து அனுப்பினேன். நாற்பத்தெட்டுப் பக்கமும். குருவின் ஆசிச்செய்தி, கோயில் தலைவரின் ஆசிச்செய்தி, பிரதம விருந்தினர் உரை, உங்கள் படம், எல்லாம் இருக்கிறதுதானே.

மார்ச் நாலாம் திகதி பதில் வந்தது. மலர் மிக அழகாக இருந்ததாம். குறித்த நாளுக்குள் நான் ஓம் என்று சொல்லாதபடியால் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

அதுக்குப் பிறகு மூண்டும் ஆறும் ஏழும் மறுத்துப் போட்டுது. அதையும் சொல்லேல்லை. இவர் ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டிப்போட்டு வந்து "இண்டைக்கு ஏதும் வந்ததோ" எண்டு கேக்கிறார். இல்லை எண்டுறன்.

நீங்கள் சொல்லுங்கோ அக்கா. உங்கட சொல்லை அவன் கேப்பான். நீங்களும்தானே அப்பிடி எழுதினீங்கள். அந்தப் பக்கத்தைப் படி எடுத்து இதோடை வைச்சிருக்கிறன், பாருங்கோ.

ரஜனி

---

லூயிஷாம்
8 மே 2025

ரஜனி,

பக்கம் கிடைத்தது. என் கையெழுத்துத்தான். கதவு, கதவின் படம் என்று நன்றாக வேறு எழுதியிருக்கிறேன். ஒருவரையும் பாராமல் தீர்ப்பெழுதுவது எத்தனை சுலபம் என்பதற்கு அதை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

நீ இரண்டு முறை அவன் குரல் எப்படி என்று கேட்டாய். நான் றெஜினோல்டின் தொலைக்காட்சியைப் பற்றி எழுதினேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன். பேச்சை வாயசைவோடு பிடிக்கிறேன். பாட்டு எனக்குக் கேளாமல் போய் மூன்று வருடமாகிறது. ஏழு மாதம் என் வீட்டில் பாடிய பிள்ளையின் ஒரு சுரத்தைக்கூட நான் கேட்டதில்லை. அவன் சுவரின் மறுபக்கத்தில் பாடிக்கொண்டிருந்தபோதுதான், அவனிடம் உண்மையில் ஏதாவது இருக்கிறதா என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

இதை உன் குற்றத்தைக் குறைக்க எழுதவில்லை. அது குறையாது.

அவனிடம் உன் பங்கை நான் சொல்லமாட்டேன். சனிக்கிழமை காலை ரயிலில் வா. வருமுன் ஞானேஸ்வரனுக்குச் சொல். அவரும் இந்த வீட்டுக்குப் பிள்ளை அனுப்பியவர். நீ சொல்லி முடித்ததும் என் பங்கை நான் சொல்வேன். பள்ளியின் இரண்டு கடிதங்களையும் அச்செடுத்து வா. மலரைக் கொண்டு வராதே.

மதியத்துக்குச் சமைத்து வைக்கிறேன். யாராவது சாப்பிடுவார்கள்.

நகுலேஸ்வரி

---

லூயிஷாம்
9 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். அப்பாவின்ரை போனையும் எடுக்கேல்லை எண்டு கோவிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. எனக்குக் கதைச்சால் கோவம் வரும். அதுதான் எழுதுறன். பிழை இருந்தால் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்திலை எனக்குத் தமிழ் படிப்பிச்ச ரீச்சரைப் பேசுங்கோ.

அண்டைக்கு நீங்கள் சொன்னீங்கள். பிறகு நீங்கள் அழுதீங்கள். நான் எழும்பிப் போய் உங்களுக்குத் தேத்தண்ணி போட்டன். நீங்கள் ரயிலேறிப் போன பிறகுதான் யோசிச்சன், அண்டைக்கு எனக்கல்லோ ஆராவது தேத்தண்ணி போட்டிருக்க வேணும்.

பெரியம்மா தான் எழுதின கடிதத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினவ. ஒரு சொல்லும் விடேல்லை. பாட்டுக் கேக்காது எண்டதையும் சொன்னவ. நான் சிரிச்சன். அவ சிரிக்கேல்லை.

பவுண்டேசன் எண்டால் எனக்குக் காணும், அதுவே போதும் அம்மா. நான் அண்டைக்கே ஓம் எண்டிருப்பன். அது உங்களுக்குத் தெரிஞ்சபடியாத்தான் நீங்கள் சொல்லேல்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கு. என்னை மறுக்கிறது எனக்குப் பழகிட்டுது. பதின்மூண்டு பள்ளிக்கூடம் மறுத்திருக்கு, நான் இன்னும் சாப்பிடுறன், நித்திரை கொள்ளுறன். என்னைக் கேட்ட ஒரே இடத்துக்கு எனக்குப் பதிலா நீங்கள் கதைச்சிட்டீங்கள்.

ரெண்டு வருசத்திலையும் வந்த எல்லாக் கடிதத்தையும் எனக்கு அனுப்பிவிடுங்கோ. நான் வாசிக்க வேணும். இனி விண்ணப்பிக்கிறது என்ரை ஈமெயிலிலை. சுவரிலை இருக்கிற தாளைக் கழட்டிவிடுங்கோ.

அப்பாவைக் கவனமா இருக்கச் சொல்லுங்கோ.

தர்சிகன்

---

நியூகாசில்
2 நவம்பர் 2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் சத்திரசிகிச்சை தள்ளிப்போனதாக அறிந்தேன். எனக்கு நூற்று முப்பத்தெட்டு. அவருக்கு நூற்று முப்பத்தைந்து. இப்போது கவலையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

தர்சிகன் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறான். காலநிலை, சாப்பாடு, அப்பாவின் கடை. எல்லாம் கதைக்கிறான். ஒடிசன் பற்றிக் கேட்டால், "பாப்பம் அம்மா" என்கிறான். எத்தனை பள்ளிக்குப் போட்டிருக்கிறான் என்றுகூட எனக்குத் தெரியாது. ஐந்தாம் இலக்கத்துக்கு இந்த வருடமும் போட்டானா? என்ன பாட்டு? திகதியாவது சொல்லுங்கள். நான் ஒன்றும் செய்யமாட்டேன், யாருக்கும் எழுதமாட்டேன். அன்றைக்குக் கோயிலில் ஒரு விளக்கு வைக்க மட்டும்தான்.

பழைய ஈமெயிலை இன்னும் காலையில் திறந்து பார்க்கிறேன். கடைச் சாமான் விளம்பரம்தான் வருகிறது.

ரஜனி

---

லூயிஷாம்
15 நவம்பர் 2025

அன்புள்ள ரஜனி,

முழங்கால் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்குள் நான் போய்விட்டால் அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

எத்தனை பள்ளி, எவை, எந்தத் திகதி, என்ன பாட்டு என்பது எனக்குத் தெரியும். படிவங்களை என் மேசையில் வைத்துத்தான் நிரப்பினான். நான் எதிரில் இருந்து பட்டாணி உரித்தேன். ஒரு கருத்தும் சொல்லவில்லை. எழுபத்தைந்து வயதில் அது எனக்குக் கடினமான பயிற்சி. சொல்லாதே என்று அவன் என்னிடம் கேட்கவில்லை. இருந்தாலும் உனக்கு எழுதமாட்டேன். உன் விளக்கை எல்லா நாளும் வை. ஏதாவது ஒரு நாளுக்குப் பொருந்தும்.

இன்று காலை ஆறு மணிக்கு ஒரு சோடிச் சப்பாத்தோடு வெளிக்கிட்டான். "வரட்டோ பெரியம்மா?" என்று கேட்டான். கூட வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. படியில் றெஜினோல்ட் நின்று கை கொடுத்தார். இப்போது பதினொரு மணி. கதவில் தாள் ஒட்டியிருப்பார்கள். இதை எழுதிக்கொண்டே மூன்றுமுறை சன்னலுக்குப் போய் வந்துவிட்டேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, கார் நிற்கும் இடம்தான்.

ஒரேயொரு விடயம் எழுதலாம் என்று நினைக்கிறேன். எல்லாப் படிவத்திலும் கடைசிப் பக்கத்தில், அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று ஓர் இடம் இருக்கிறது. அவன் இந்த வீட்டில்தான் இருக்கிறான், என் பெயரை எழுதுவான் என்று நினைத்தேன். காது கேளாத ஆளை எழுதிப் பயனில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தகப்பனின் இலக்கமும் அவனுக்குத் தெரியும். எல்லாவற்றிலும் உன் பெயரையும் உன் தொலைபேசி இலக்கத்தையும்தான், கைத்தொலைபேசியைப் பாராமல், எழுதினான்.

ஆகவே கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்திரு. அது அடிக்காதவரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்கொள்.

அக்கா
நகுலேஸ்வரி